பள்ளியை விட்டவர், கல்லூரியைத் தந்தவர்

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர்)



பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம்மில் பலர் ஒரு முச்சந்தியில் நின்றிருப்போம். ஐ.டி.ஐ.யா? பாலிடெக்னிக்கா? இல்லை, நேரே பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றுக்கொள்வதா? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரி டிரைவர். என்னை எங்கே சேர்ப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் பஞ்சாயத்தே நடந்தது. படித்தால் கை மரத்துப் போகும், ஸ்பேனர் பிடித்தவன்தான் மெக்கானிக் என்பது மாமாவின் கட்சி. கையில் ஒரு சர்டிபிகேட் இல்லாவிட்டால் கடைசி வரை அடுத்தவன் பட்டறையில்தான் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. தன் கட்சிக்குச் சாட்சியாக மாமா அடிக்கடி சொன்ன பெயர் ஜி.டி. நாயுடு. அவர் எந்தக் காலேஜில் படித்தார் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் அவருடைய வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் புத்தகத்தை அவர் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் தானே படித்தார். மாமா இந்தப் பகுதியை மட்டும் சொல்லவே மாட்டார்!

வருவாய்த்துறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுகிறதே என்று பையனுக்கு ஒரே வியப்பு. அந்த வண்டி தனக்கு வேண்டும் என்ற வைராக்கியம் பிறந்தது. கோவைக்கு வந்து ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கடைசியில் அந்த அதிகாரியிடமே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி அது. வேறொருவராக இருந்தால் ஊரைச் சுற்றியிருப்பார். இவர் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். எந்தப் பாகம் எதற்கு என்று பார்த்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். அதுதான் அவருடைய முதல் வொர்க்‌ஷாப் பிராக்டிகல்!

அதன் பிறகு எல்லாம் நேர்க்கோட்டில் போய்விடவில்லை. பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்ததைப் பம்பாயில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார் என்கிறார்கள். அப்போது கை கொடுத்தவர் கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரை. அவர் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. அந்த ஒற்றை பஸ்தான் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் ஆனது. வண்டி பழுதானால் பாகம் சீமையிலிருந்து வர வேண்டிய காலம் அது. பழுது பார்க்கத் தெரிந்தவன்தான் பஸ் கம்பெனி நடத்த முடியும் என்ற நிலைமை. ரிப்பேர் வேலையைக் கேவலமாக நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டத்தால் கோவைக்கு மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் மின்சாரம் வந்தது. மோட்டார் மட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து 1937-இல் இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். இன்று கோவை என்றாலே மோட்டார், பம்புசெட் என்று நாடே சொல்கிறதே, அந்தப் பெயருக்கு விதை போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். பேட்டரியில் ஓடும் சவர ரேசர், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் பட்டியல் நீளும். இந்தியாவின் எடிசன் என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

இதுவரை மாமாவின் கட்சிதான் ஜெயிக்கிற மாதிரி தெரியும். ஆனால் நண்பர்களே, கதை இங்கேதான் திரும்புகிறது.

1945. நாயுடுவுக்கு வயது 52. கை நிறையப் பணம், ஊர் நிறையப் புகழ். நான் படிக்காமலே முன்னுக்கு வந்தேன், நீங்களும் வாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்க முன்னின்று உதவினார். அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவர் அந்தப் பொறியியல் கல்லூரிக்குக் கௌரவ முதல்வராக உட்கார்ந்தார்! அந்தக் கல்லூரி பிறகு தடாகம் சாலைக்கு மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. கோவை அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறாரே, அந்த ஸ்டாப்பின் பெயருக்குக் காரணமும் அதுதான்.

அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, மாணவனின் காலம் வீணாகிறது, இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பதவி பெரிதென்று ஒட்டிக்கொண்டிராமல் விலகிவிட்டார்.

இரண்டு ஆண்டு போதுமா, நான்கு ஆண்டு வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அவர் படிப்பே வேண்டாம் என்று சண்டை போடவில்லை. படிக்கிற காலத்தில் எவ்வளவு நேரம் நம் கை இயந்திரத்தில் படுகிறது என்பதுதான் அவர் கேள்வி என்று நான் புரிந்துகொண்டேன். மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடந்த பஞ்சாயத்துக்கு இதில் தீர்ப்பு இருக்கிறது. ரெண்டு பேரும் பாதி சரி!

ஆகவே தம்பி தங்கைகள் யாராவது எதில் சேரலாம் என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். வீட்டில் உடனே வருமானம் தேவை என்றால் ஐ.டி.ஐ. நல்ல வழி. டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டு, மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு ஈராண்டு. இயந்திரம் ஏன் அப்படி ஓடுகிறது என்று கணக்கோடும் வரைபடத்தோடும் தெரிய வேண்டும் என்றால் மூன்றாண்டு டிப்ளமோ. ஒன்றில் சேர்ந்தால் மற்றதன் கதவு மூடிவிடாது. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலையில் உதவித்தொகையோடு பயிற்சியும் பெறலாம்.

சேர்வதற்கு முன் கல்லூரியின் முகப்பைப் பார்க்காதீர்கள், வொர்க்‌ஷாப்பைப் பாருங்கள். நான் இடம் தேடி அலைந்தபோது ஓரிடத்தில் புது லேத்துகள் வரிசையாக இருந்தன. மேலே போட்ட துணியில் ஒரு சொட்டு எண்ணெய்க்கறை இல்லை. கீழே ஒரு சுருள் இரும்புச் சீவல் இல்லை. அப்பாதான் அதைக் கவனித்தார். ஓடாத மெஷினில் என் மகன் என்ன கற்பான் என்று என்னை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். படிக்காத மனிதர்தான், ஆனால் இருபது வருஷம் லாரியோடு வாழ்ந்தவர் அல்லவா? ஒரு லேத்துக்கு எத்தனை மாணவர்? அங்கே நிற்கும் என்ஜின் ஸ்டார்ட் ஆகுமா, வெறும் பெயிண்ட் அடித்த பொம்மையா? கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா? முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? இந்த நான்கையும் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கட்டணம் கட்டுவது நம் வீட்டுப் பணம்.

பி.இ. கிடைக்காததால்தான் டிப்ளமோ என்று நம்மை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அதைக் கேட்டு நாமும் தலை குனிகிறோம். இன்று பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன. கார்ப்புரேட்டர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்துப் பூட்டத் தெரிந்தவனை எந்த ஊரும் இளக்காரமாகப் பார்க்காது.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் அவர் செய்தவையும் சேர்த்தவையும் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். அதற்கு முன், நம் வொர்க்‌ஷாப்பின் மூலையில் பழுதாகிக் கிடக்கும் அந்த டீசல் என்ஜினை இந்த செமஸ்டர் முடிவதற்குள் நாமே பிரித்துப் பூட்ட ஆசிரியர்களிடம் அனுமதி கேட்போம். கேட்கும் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்தது யாருடையது?