கரும்பின் இனிமையும் கிழங்கின் நஞ்சும்: கலாநிதி ஜானகி அம்மாளின் வாழ்வு

எமது பாடசாலை நூறாண்டு காணும் இவ்வேளையில், விஞ்ஞானத் துறையில் நின்ற ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைக் கேட்டனர். மேரி கியூரி அம்மையாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் சென்ற கார்த்திகை மாதம் கொழும்புத்துறை இறங்குதுறைப் பக்கம் போனபோது, ஒரு கிளுவை வேலியில் கார்த்திகைப்பூ படர்ந்து பூத்திருக்கக் கண்டேன். அதன் கிழங்கைத் தொடவேண்டாம், நஞ்சு என்று எங்கள் அம்மம்மா சொல்லி வளர்த்தது நினைவுக்கு வந்தது. அந்த நஞ்சின் பெயர் கொல்சிசின். அதையே ஒரு கருவியாகக் கையில் எடுத்துச் செடிகளின் உள்ளமைப்பை ஆராய்ந்த ஒருவர் எமக்கு அயலிலேயே பிறந்திருக்கிறார். அவர்தான் கலாநிதி ஏடவலத்துக் கக்காட்டு ஜானகி அம்மாள்.

ஜானகி 1897 நவம்பர் 4 ஆம் திகதி கேரளத்தின் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் உதவி நீதிபதியாகப் பணியாற்றியவர். ஓய்வு நேரங்களில் பறவைகளையும் செடிகொடிகளையும் கூர்ந்து பார்த்துக் குறிப்பெழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. பிள்ளைகள் நிறைந்த அப்பெரிய வீட்டில் பெண்கள் ஒவ்வொருவராக மணம் முடித்துச் செல்ல, ஜானகி மட்டும் படிப்பின் பக்கம் நின்றார். தலைச்சேரிக் கன்னியர் மடப் பாடசாலையில் கற்று, சென்னை இராணி மேரி கல்லூரியில் பட்டம் பெற்று, 1921 இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியற் சிறப்புப் பட்டமும் பெற்றார். பின்னர் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் விரிவுரையாளரானார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்களும் பட்டப்படிப்பை நாடிச் சென்னைக்குக் கப்பலேறியதுண்டு.

இந்நிலையில் வீட்டில் அவருக்கு முறை மச்சான் ஒருவரைப் பேசினர். அதே வேளை, ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஜானகி 1924 இல் மிச்சிகன் சென்றார். பின்னர் அவர் மணம் முடிக்கவேயில்லை. எமது பாடசாலையின் முதல் மாணவிகள் சிலேட்டும் கையுமாக வந்தமர்ந்த அக்காலத்திலே, அவர் கடல் கடந்து நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருந்தார். 1931 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே எனக் கருதப்படுகிறது. அவர் ஆராய்ந்த செடி நிக்காண்ட்ரா என்பது. கத்தரி, புகையிலை, ஊமத்தை ஆகியவை சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது அது.

அவர்தம் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்பதை இளைய தங்கையருக்காக இங்கே சற்று விளக்க வேண்டும். செடியால் ஓடி ஒளிய முடியாது. ஆதலால் அது தனக்கு வேண்டியவற்றையெல்லாம் தானே ஆக்கிக்கொள்கிறது. உணவுக்குச் சீனி, பூச்சியை விரட்டக் கைப்பும் நஞ்சும், தேனீயை அழைக்க மணமும் நிறமும் எனப் பல சேர்வைகள் அதனுள் உருவாகின்றன. புகையிலையின் நிக்கொற்றின் அதன் வேரிலே உண்டாகி இலைக்கு ஏறுகிறது. இச்சேர்வைகளை ஆக்கும் நொதியங்களுக்கான கட்டளை பரம்பரையலகுகளில் உள்ளது. பரம்பரையலகுகளோ கலத்தின் கருவிலுள்ள நிறமூர்த்தங்களில் அமைந்துள்ளன. டி.என்.ஏ.யின் அமைப்பு 1953 இல்தான் தெரியவந்தது. அதற்கு முன் ஒரு செடியின் பரம்பரையை அறிய விரும்பியவர், வேர்நுனியைச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, நிறமூர்த்தங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கண்ணும் பொறுமையும் வேண்டிய வேலை அது. ஜானகி அம்மாள் வாழ்நாள் முழுவதும் அதைச் செய்தார்.

தாயகம் திரும்பித் திருவனந்தபுரத்தில் இரு ஆண்டுகள் பேராசிரியராக இருந்த பின், 1934 இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனவிருத்தி நிலையத்திற் சேர்ந்தார். அக்காலத்தில் ஜாவாவின் தடித்த கரும்பே சீனிக்குப் பெயர்பெற்றது. இந்திய மண்ணில் அது நோய்க்கும் குளிருக்கும் தாங்காது. ஆற்றோரங்களில் நாணல் போல் வளரும் காட்டுக் கரும்போ எதையும் தாங்கும், ஆனால் அதில் இனிப்பு மிகக் குறைவு. இரண்டையும் கலந்து, இனிமையும் உறுதியும் ஒருங்கே கொண்ட கரும்பை ஆக்குவதே அந்நிலையத்தின் நோக்கம். தடித்த கரும்பின் நிறமூர்த்தங்கள் 80. காட்டுக் கரும்பிலோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடும். எந்தக் கரும்பில் எத்தனை, எதனை எதனோடு கலந்தால் என்னவாகும் என்பதை எண்ணிக் காட்டியவர் ஜானகி அம்மாள். காட்டுக் கரும்பின் பிறப்பிடம் இந்தியாவே என்பதை நிறுவுவதிலும் அவர் ஆய்வு உதவியது. கரும்பையும் சோளனையுங்கூட அவர் கலந்து பார்த்தார். அந்த முடிவு 1938 இல் இலண்டன் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது.

ஆயினும் கோயம்புத்தூர் வாழ்வு அவருக்கு இனிக்கவில்லை. தனித்து வாழும் பெண் என்பதும், தாழ்வாக எண்ணப்பட்ட தீயர் சமூகத்தவர் என்பதும் உடன் பணியாற்றிய சிலரின் கண்ணை உறுத்தின என்று அவரது வாழ்வை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். 1939 இல் எடின்பரோவில் நடந்த உலகப் பரம்பரையியல் மாநாட்டுக்குச் சென்றபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் திரும்பி வரவில்லை. இலண்டனின் ஜோன் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியேற்றார்.

போர்க்காலத்து இலண்டனில் இரவிற் குண்டு விழும்போது அவர் கட்டிலின் கீழ் ஒதுங்குவாராம். விடிந்ததும் ஆய்வுகூடத் தட்டுகளில் சிதறிய கண்ணாடியைப் பெருக்கிவிட்டு மீண்டும் எண்ணத் தொடங்குவாராம். அவரது குடும்பத்தார் வழியே வந்த செய்தி இது. இதைப் படித்தபோது எனக்கு எமது வகுப்பே கண்முன் வந்தது. ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்களும், பதுங்குகுழிக்குள் தாவரவியற் கொப்பியைக் கொண்டுபோனவர்களும், 1995 இடப்பெயர்வில் உடுபுடைவையை விட்டுப் புத்தகத்தைச் சுமந்தவர்களும் எம்மில் உள்ளனர். அவ்வாறு படித்த அக்காமாருக்கு ஜானகி அம்மாளை விளங்கிக்கொள்ள வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அந்நெருக்கடியின் நடுவிலேயே ஒரு பெரும் நூல் உருவானது. சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து, மனிதர் பயிரிடும் தாவரங்களின் நிறமூர்த்த எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945 இல் வெளியிட்டார். பின்பு அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லித் தோட்டத்தில் பணியாற்றினார். கொல்சிசின் அவர் கைக்கு முக்கிய கருவியானது இங்கேதான். கலம் பிரியும்போது இரட்டித்த நிறமூர்த்தங்கள் கதிர்நார்களால் இருபக்கமாக இழுக்கப்படும். கொல்சிசின் அக்கதிர்நார்கள் உருவாகாமற் தடுக்கிறது. எனவே நிறமூர்த்தங்கள் பிரியாமல் ஒரே கலத்தில் இரு மடங்காகத் தங்கிவிடுகின்றன. அந்தக் கலத்திலிருந்து வளரும் செடிக்குப் பெரும்பாலும் இலை தடிக்கும், பூ பெருக்கும். சில செடிகளில் மருந்துச் சேர்வைகளின் அளவும் மாறும். அவர் மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் இதனைப் பிரயோகித்தார். அவ்வாறு உண்டான வெண்ணிறப் பூமரம் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1951 இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலகாபாத்தில் மத்திய தாவரவியல் ஆய்வுகூடத்தின் பணிப்பாளராகவும் விளங்கினார். 1955 இல் பிரின்ஸ்டனில், மனிதர் பூமியை மாற்றிவிட்ட விதம் பற்றிக் கூடிய அறிஞர் மாநாட்டில் கலந்துகொண்ட ஒரே பெண் அவர். 1977 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஓய்வு பெற்ற பின் ஜம்மு பிராந்திய ஆய்வுகூடத்தில் அவர் மருந்துச் செடிகளின் பக்கம் திரும்பினார். அவர் எடுத்த செடிகள் எமக்கு அந்நியமானவை அல்ல. ஒன்று ஊமத்தை இனம். மருத்துவர் கண்ணிற் போடும் அத்திரப்பீன் அதில் உண்டு. எலுமிச்சம்புல் இனத்தில் நறுமண எண்ணெய் உண்டு, புதினா இனத்தில் மென்தோல் உண்டு. வள்ளிக்கிழங்கு இனத்தையும் ஆராய்ந்தார். நாம் களியாகக் கிண்டி உண்ணும் இராசவள்ளியின் உறவான இமயமலைக் கிழங்கொன்றில் டயொஸ்ஜெனின் என்ற சேர்வை உள்ளது. கருத்தடை மாத்திரைக்கும் வேறு ஓமோன் மருந்துகளுக்கும் அது மூலப்பொருளாயிற்று. ஓர் இனத்துக்குள்ளேயே நிறமூர்த்தங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று அவர் எண்ணிப் பதிந்தார். அத்துடன், எந்த இலை எதற்கு உதவும் என்பதை அறிந்த மலைவாழ் மக்களின் அறிவையும் அவர் மதித்தார்.

1970 இல் சென்னை வந்து, மதுரவாயலிலிருந்த சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியற் களநிலையத்தில் எளிமையாகத் தங்கினார். எண்பது வயதிலும் செடிகளோடு இருந்தார். கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டில் நீர்மின் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது அதனை எதிர்த்து நின்றார். காடு அழிந்தால் அச்செடிகளின் பரம்பரையலகுகளும் மருந்துகளும் எண்ணப்படாமலே அழிந்துபோகும் என்பதை அவரை விட அறிந்தவர் யார்? 1984 பெப்ரவரியில், தமது 86 ஆவது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறேன். கொல்சிசினை அவர் கையாண்ட காலத்தில், ஒரு செடி அதனை எப்படி ஆக்குகிறது என்பதற்கு விடை கிடைத்திருக்கவில்லை. 2020 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அதன் பெரும்பகுதியைக் கண்டறிந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி எமது வேலிக் கார்த்திகைப்பூ! அதன் பரம்பரையலகுகளைத் தேடிப் பிடித்து, 16 நொதியங்களைப் புகையிலையின் காட்டு உறவுச் செடியொன்றின் இலையில் இயங்கச் செய்தனர். கொல்சிசினுக்கு முந்திய நிலையிலுள்ள சேர்வை அந்த இலையில் உருவாயிற்று. கார்த்திகைப்பூவும் புகையிலையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளக்கிக் காட்ட வேண்டிய செடிகளா?

எமது பாடசாலை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் வெங்காய வேர்நுனியைப் பார்த்துவிட்டு, அதோடு படிப்பு முடிந்துவிட்டதென வீட்டுக்குப் போன பிள்ளைகள் பலர். சிலருக்குக் காசில்லை, சிலருக்குக் கலியாணம் பேசியாயிற்று, சிலருக்குப் பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்ற சொல் தடையாயிற்று. எல்லோரும் ஜானகி அம்மாளைப் போல் மணம் துறக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவரைப் போல் தெரிவு செய்யும் உரிமையாவது எமது பிள்ளைகளுக்கு இருக்க வேண்டும். அடுத்த நூறாண்டில் கொழும்புத்துறையின் வேலிச் செடிகளை எமது மாணவி ஒருத்தியே ஆராய்ந்து எழுதட்டும். அவளுக்கு வேண்டிய புலமைப்பரிசிலுக்கும் ஊக்கத்துக்கும் பழைய மாணவிகளாகிய நாம் துணை நிற்போமாக.