ரோம் டூ மதுரை: இன்று ஒரு நாள் பயணம்… டி நொபிலிக்கு எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா?

மதுரையில் இருந்து ரோம் நகருக்கு வான்வழி தூரம் சுமார் 7,250 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. துபாயிலோ சென்னையிலோ மாறி, காத்திருப்பையும் சேர்த்தால்கூட பெரும்பாலும் ஒரு நாளுக்குள் போய்விடலாம்.

இதே தூரத்தைக் கடக்க ராபர்ட் டி நொபிலிக்கு இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆச்சு.

இத்தாலியின் பிரபுக் குடும்பத்தில் 1577-ல் பிறந்தவர். வீட்டை விட்டு வெளியேறி இயேசு சபையில் சேர்ந்தார். 1604 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பல் ஏறினார். அப்போ சூயஸ் கால்வாய் இல்லை. ஆப்பிரிக்காவையே சுற்றி வர வேண்டும். மொசாம்பிக் பக்கம் கப்பல் சேதமாகி, அங்கேயே மாதக்கணக்கில் காத்திருப்பு. கோவாவில் இறங்கியது 1605 மே மாதம். பிறகு கொச்சி, முத்துக்குளித்துறை. அங்கே தமிழ் படித்துவிட்டு, 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார். நாயக்கர் ஆட்சிக் காலம் அது.

வந்தவர் காவி கட்டினார், சந்தனம் பூசினார், பூணூல் அணிந்தார். அசைவத்தை விட்டார். சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். ஊர் அவரைத் தத்துவ போதகர் என்று அறிந்தது. உயர்சாதியினரை ஈர்க்கும் வழி இது. அதற்காக சாதிப் பிரிவினையோடு சமரசம் செய்தார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது.

மதுரையில் அவருக்கு முன்பே இருந்த சக பாதிரியார் ஒருவர் 1610-ல் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். இங்கேதான் தூரம் விளையாடியது.

கோவாவில் இருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல்கள் பருவக்காற்றைப் பார்த்து, வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிளம்பும். ஒரு கடிதத்துக்குப் பதில் வர இரண்டு வருஷம் சாதாரணம். கப்பல் மூழ்கினால் கடிதமும் போச்சு என்பதால், ஒரே கடிதத்தைப் பல பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் வரலைன்னு தவிக்கிற நமக்கு இது கற்பனைக்கே எட்டாது!

இதற்கிடையே அவருடைய பணிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1619-ல் கோவாவில் கூடிய விசாரணைக் கூட்டத்தில் பெரும்பாலானோர் அவருக்கு எதிராகவே நின்றார்கள். டி நொபிலி விடவில்லை. பூணூலும் குடுமியும் சமூக வழக்கம், மதச் சடங்கு அல்ல என்று நீண்ட விளக்கங்கள் எழுதினார். வழக்கு ரோமுக்குப் போனது.

1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாவற்றுக்கும் நிபந்தனையோடு அனுமதி. தாழ்த்தப்பட்டோரை இகழக் கூடாது என்றும் அதில் அறிவுறுத்தினார்.

புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவே 13 வருஷம். 32 வயதில் தொடங்கிய பிரச்சினை, 45 வயதில் முடிந்தது.

அதன் பிறகு திருச்சி, சேலம் என்று நடந்தார். 1640 வாக்கில் மதுரையில் சிறையிலும் இருந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம் போன்ற உரைநடை நூல்களைத் தமிழில் எழுதினார். வயதான பிறகு யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். அதற்குள் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் இறந்தார்.

1604-ல் லிஸ்பனில் கப்பல் ஏறியவர், ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போகவே இல்லை.