பழைய மிஷினும் ஒரு பாடம்தான்! – பேராசிரியர் ஆர். நரசிம்மன்



கோபால் என்றதும் பக்கத்து வீட்டு அண்ணன் பேரா என்று சிரிக்காதீர்கள். 1959-60 காலத்தில் உருவான ஒரு கம்ப்யூட்டர் மொழி அது. மெயின்ஃபிரேம், கோபால், ஃபோர்ட்ரான் எல்லாம் செத்த பாம்பு, அதை எதுக்கு அடிக்கணும் என்று நம்மில் பலர் கேட்கிறோம். அதற்குப் பதிலாக ஒரு தமிழரின் வாழ்க்கையையே சொல்லலாம். அவர்தான் பேராசிரியர் ஆர். நரசிம்மன்.

1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தார். பிறகு அமெரிக்காவில் எம்.எஸ். பட்டமும், கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1954-ல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, நம் நாட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்துக் கட்டுவது. குழுவில் பெரும்பாலோர் அதுவரை ஒரு டிஜிட்டல் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதே கிடையாது. புத்தகத்தைப் படித்து, சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். 1956-ல் மாதிரி மிஷின் தயாரானது. பெரிய மிஷின் 1960-ல் முறைப்படி இயங்கத் தொடங்கியது. சுமார் 2700 வால்வுகள், 2048 சொற்கள் கொண்ட நினைவகம், ஒரு சொல்லுக்கு 40 பிட். அவ்வளவுதான்! நம்ம பையில இருக்கிற செல்போனோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அதில் புரோகிராம் எழுதியவர்கள் மிஷின் மொழியிலேயே எழுதினார்கள். ஒவ்வொரு கட்டளையும் எந்த இடத்தில் உட்காருகிறது என்று தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. 1962-ல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

அடுத்த சோதனை 1978-ல் வந்தது. அந்நியக் கம்பெனிகள் தங்கள் பங்கைக் குறைக்க வேண்டும் என்றது அரசு. ஐபிஎம் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் நாட்டை விட்டே கிளம்பியது. நாடு முழுவதும் இருந்த அதன் மிஷின்களை யார் பார்ப்பது? அவற்றில் 1401 போன்ற பழைய மாடல்களும் உண்டு. அந்தப் பொறுப்பை 1975-ல் தொடங்கப்பட்ட சிஎம்சி என்ற அரசு நிறுவனம் ஏற்றது. அதன் தொடக்க காலத் தலைவர் நரசிம்மன் அவர்கள்தான். மிஷின்கள் நிற்கவில்லை. அதே சிஎம்சிதான் பின்னாளில் ரயில் டிக்கெட் முன்பதிவையும் கம்ப்யூட்டர்மயமாக்கியது.

1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2007-ல் காலமானார்.

இதில் நமக்கு என்ன பாடம்? நம்ம திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்குவோம். தாத்தா காலத்துப் பூட்டு ரிப்பேர் ஆனால், புதுப் பூட்டு விற்கிறவரிடம் போக மாட்டோம். உள்ளே இருக்கிற லீவரைத் தெரிந்த ஆசாரியைத்தான் தேடுவோம். உலகத்தில் பல வங்கிகளின், இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கு இன்றும் கோபாலில்தான் ஓடுகிறது. 2000-ஆம் ஆண்டுச் சிக்கலை அந்தப் பழைய புரோகிராம்களில் திருத்தப் போய்த்தான் நம் நாட்டு இளைஞர்கள் பலருக்கு வேலை கிடைத்தது. 2020-ல் கொரோனா நேரத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநரே கோபால் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கேட்டார்.

சாணார்பட்டியிலிருந்து நத்தம் ரோட்டு பஸ்ஸைப் பிடித்து வருகிற என்னைப் போன்றவர்களுக்கு இது முக்கியம். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எதைப் படித்தால் சோறு போடும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. புதுசு எதுவோ அதன் பின்னால் ஓடத்தான் தோன்றும். ஓடுவோம், தப்பில்லை. ஆனால் மிஷின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு ஓடுவோம். மொழி மாறும், மாடல் மாறும். அடிப்படை தெரிந்தவனுக்கு எந்த மொழியும் ஒரு மாத வேலைதான்.

நரசிம்மன் அவர்கள் வால்விலிருந்து தொடங்கினார். நாம் எங்கிருந்தும் தொடங்கலாம். முயல்வோம், முன்னேறுவோம்!

– இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு