ஸர் வில்லியம் புரூக் ஓஷானஸி

நமது தேசத்தில் தந்திக் கம்பிகளை நாட்டிய பெரியார் யாரென வினவின், சரித்திரம் கற்றோர் ஸர் வில்லியம் புரூக் ஓஷானஸியின் நாமத்தைக் கூறுவர். கஞ்சாவென்னும் பூண்டின் குணங்களைச் சாஸ்திர முறையாகச் சோதித்து மேனாட்டு வைத்தியர்க்கு அறிவித்தவரும் அவரே என்பதை அறிந்தார் சிலர். ஆதலின் அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இவர் அயர்லாந்து தேசத்து லிமெரிக் நகரில் தோன்றி, எடின்பரோ சர்வகலாசாலையில் 1829-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1831-இல் இங்கிலாந்தில் வாந்திபேதி பரவியபோது, நோயாளரின் இரத்தத்தில் நீரும் உப்பும் குன்றியிருத்தலைக் கண்டு வெளியிட்டார். மறு வருஷமே தாமஸ் லாட்டா என்னும் வைத்தியர் உப்பு நீரை இரத்தக் குழாயிற் செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தார்.

1833-இல் ஓஷானஸி கல்கத்தா வந்தார்; 1835-இல் ஏற்பட்ட வைத்தியக் கலாசாலையில் ரஸாயன ஆசிரியரானார். நாட்டு வைத்தியர் கஞ்சாவை மருந்தாக வழங்குதலை அவர் இகழ்ந்தாரல்லர். மதுசூதன குப்தர் முதலிய பண்டிதரிடம் கேட்டறிந்தார். கேட்டதை அப்படியே நம்பினாருமல்லர். முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளர்க்கும் கொடுத்துச் சோதித்து, 1839-இல் தம் முடிவுகளை வங்காளத்து வைத்திய சங்கத்தின் முன் வைத்தார்.

இசிவு கண்ட சிசுவொன்று அம்மருந்தாற் பிழைத்ததை அவர் எழுதினார். நாய்க்கடி விஷம் தலைக்கேறிய ஒருவன் வேதனை தணிந்தும் உயிர் பிழைத்திலன். அதனையும் மறையாது எழுதினார். அளவு மிகின் சித்தப் பிரமை உண்டாமென எச்சரித்தார்.

பின்னர்த் தந்தித் தொழிலில் தலையிட்டு, 1853 முதல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்களைக் கம்பியாற் பிணைத்தார். 1856-இல் ஸர் பட்டம் பெற்று, 1889-இல் இங்கிலாந்தில் காலமானார்.

அவர் தொடங்கிய ஆராய்ச்சி அவரோடு மாயவில்லை. கஞ்சாவின் மயக்கும் சத்தை இஸ்ரவேல் தேசத்து அறிஞர் 1964-இல் தனியே பிரித்தெடுத்தனர். அச்சத்து மூளைப் புற்றுநோயின் அணுக்களை மடியச் செய்தலை ஸ்பெயின் தேசத்தார் ஆய்வுக்கூடத்திற் கண்டு, மறுபடியும் நோய் முற்றிய 9 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டனர். மருந்தைப் பெரிய தீங்கின்றிச் செலுத்தலாமென்பது தெரிந்ததேயன்றி, நோய் தீர்ந்ததில்லை. 2021-இல் வெளியான மற்றொரு சோதனையில், வழக்கமான மருந்தோடு கஞ்சாச் சத்தும் பெற்றோரில் நூற்றுக்கு 83 பேர் விழுக்காடு ஓராண்டின் பின் உயிரோடிருந்தனர். பெறாதோரில் நூற்றுக்கு 44 பேர். ஆயினும் அதிற் சேர்ந்தோர் 21 பேரே. அத்துணைச் சிறு தொகையால் துணிபு கூறல் இயலாது.

கொடிய நோயுற்றார் இல்லத்தில் நம்பிக்கை எளிதில் விலைபோகும். கஞ்சா புற்றுநோயை முற்றும் போக்குமென்பாரும், அதனைச் சோதிப்பதே தகாதென்பாரும் இன்று உளர். இவ்விருவர்க்கும் நடுவே, தேறியவனையும் இறந்தவனையும் ஒரே ஏட்டிற் குறித்த ஓஷானஸியின் நெறியே நம் மாணவர் கைக்கொள்ளத் தக்கதென்பது எமது துணிபு.