கடலைப் படித்த கண்கள்

பதினொன்றாம் வகுப்புத் தேர்வில் பெரும்பாலான பாடங்களில் தோற்றுப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மாணவர் ஒருவர், பின்னாளில் விண்வெளியிலிருந்து பெருங்கடல்களை ஆராய்ந்தார். அவரே அமெரிக்க விண்வெளி வீரர் பீட் கான்ராட்.

கான்ராட் 1930ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். எழுத்துகளைப் படித்தறிவதில் இடர்ப்பாடு தரும் டிஸ்லெக்சியா என்னும் குறைபாடு அவருக்கு இருந்தது. அக்காலத்தில் அதனை அறிந்தோர் மிகச் சிலரே. பள்ளி கைவிட்டபோதும் தாயார் மனம் தளரவில்லை. மகனை வேறொரு பள்ளியில் சேர்த்தார். அங்குத் தமக்கேற்ற முறையில் கற்கப் பழகிய கான்ராட், பதினொன்றாம் வகுப்பை மீண்டும் பயின்று தேறினார். 1953இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலில் பட்டம் பெற்றுக் கடற்படை விமானியானார்.

1959இல் நடந்த நாசாவின் முதல் தேர்வில், நெடும்பயணத்திற்கு ஏற்றவரல்லர் என ஒதுக்கப்பட்டார். 1962இல் மீண்டும் முயன்று வென்றார். 1966 செப்டம்பரில் ரிச்சர்ட் கார்டனுடன் ஜெமினி 11 விண்கலத்தில் 1,369 கிலோமீட்டர் உயரம்வரை சென்றார். அப்பயணத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றில் தென்னிந்தியாவும் இலங்கையும், அரபிக்கடலும் வங்கக்கடலும் ஒருசேரக் காட்சியளித்தன. 1969இல் அவர் நிலவில் நடந்த மூன்றாம் மனிதரானார்.

1973 மே மாதம் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் ஆளின்றி ஏவப்பட்டபோது சேதமுற்றது. அதன் சூரிய மின்தகட்டு இறகுகளுள் ஒன்று பிய்ந்துபோனது. மற்றொன்று விரியாமல் சிக்கிக்கொண்டது. மின்சாரம் குறைந்ததால் ஆய்வுகள் தடைப்படும் நிலை உருவானது. முதற்குழுவின் தலைவராகச் சென்ற கான்ராட், ஜூன் 7ஆம் நாள் ஜோசப் கெர்வினுடன் நிலையத்திற்கு வெளியே சென்று, சிக்கிய இறகை விடுவித்தார். நெடும்பயணத்திற்கு ஏற்றவரல்லர் எனப்பட்டவர் அம்முறை 28 நாள்கள் விண்ணில் இருந்தார்.

ஸ்கைலேப்பில் இருந்த ராடார் உயரமானி, கடலை நோக்கி அலைகளை அனுப்பி, அவை மீளும் நேரத்தைக் கொண்டு கடற்பரப்பின் உயரத்தை அளந்தது. 8,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய பியூர்ட்டோ ரிக்கோ அகழிக்கு மேலே, கடற்பரப்பு பல மீட்டர் தாழ்ந்திருப்பது அதனால் புலப்பட்டது. அகழியில் பாறைப்பொருள் குறைவு. எனவே அங்கு ஈர்ப்பும் குறைவு. நீர் இருபுறமும் ஈர்க்கப்படுவதால் மேற்பரப்பு தாழ்கிறது. கடலடியின் வடிவத்தை நீரின் மேற்பரப்பே காட்டிக்கொடுத்தது. இன்று உலகின் கடல்மட்ட உயர்வைக் கணக்கிடும் செயற்கைக்கோள்களும் இதே முறையையே பின்பற்றுகின்றன.

1999 ஜூலை 8ஆம் நாள் கான்ராட் மோட்டார் சைக்கிள் விபத்தில் மறைந்தார். ஒரு தேர்வின் தோல்வி ஒருவரது ஆற்றலின் எல்லை ஆகாது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாக விளங்குகிறது.