ஏரிக்கரைக் குடில்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கான்கார்டு என்னும் சிற்றூரில், 1817ஆம் ஆண்டு ஹென்றி டேவிட் தோரோ பிறந்தார். அவருடைய தந்தையார் பென்சில் செய்யும் தொழிலினர். தோரோ ஹார்வர்டு கல்லூரியில் பயின்று 1837இல் பட்டம் பெற்றார். ஆயினும், பெரும்பதவியை அவர் நாடவில்லை. மனிதன் உயிர்வாழ உண்மையில் எவை வேண்டும், அவற்றைத் தன் கைகளாலேயே ஆக்கிக்கொள்ள இயலுமா என்று அறிய விரும்பினார். அன்பிற்குரிய தமையனார் ஜான் 1842இல் மறைந்த துயரமும் அவரை வருத்தியது. அவருடன் ஆற்றில் படகு செலுத்திய நாள்களைப் பற்றி நூல் எழுதுவதற்கு அமைதியான இடத்தையும் தேடினார்.

ஊருக்கு அருகில், வால்டன் ஏரிக்கரையில், அவர் நண்பரும் அறிஞருமாகிய எமர்சனுக்குக் காட்டு நிலம் இருந்தது. 1845ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு அங்குச் சென்றார். பைன் மரங்களை வெட்டித் தூண்களும் உத்தரங்களும் செதுக்கினார். வேலை முடிந்ததும், வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாக்கியே கோடரியைத் திருப்பித் தந்தார்.

இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவரின் பழங்குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கி, அதன் பலகைகளைப் பிரித்தெடுத்தார். அவற்றைப் புல்தரையில் பரப்பி வெயிலில் காயவைத்தார். குளிரில் கிழங்குகள் உறைந்துபோகாதிருக்க ஏழடி ஆழத்தில் நிலவறை தோண்டினார். நண்பர்கள் கைகொடுக்க, சட்டங்கள் நிமிர்ந்தன. பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உடைய அக்குடிலில் சூலை 4ஆம் நாள் குடிபுகுந்தார். குளிர்காலம் நெருங்குமுன் பழைய செங்கற்களால் புகைபோக்கி கட்டினார். சுவர்களுக்குச் சாந்து பூசினார். செலவு முழுவதும் 28 டாலர் 12½ சென்ட்டே. கல்லூரி மாணவர் ஓர் அறைக்கு ஓராண்டில் தந்த வாடகை அதனினும் மிகுதி!

இரண்டரை ஏக்கர் நிலத்தில் பெரும்பாலும் அவரை விதைத்தார். உழவுக்கு மட்டும் ஏரும் ஆளும் அமர்த்தினார். தோண்டியெடுத்த மரவேர்கள் அடுப்புக்கு விறகாயின. நாள்தோறும் விடியலில் மண்வெட்டியுடன் சென்று களை எடுத்தார். வளைவாழ் விலங்குகள் பயிரின் ஒரு பகுதியைத் தின்று அழித்தன. எனினும், அவர் வரவையும் செலவையும் சென்ட் அளவும் விடாது எழுதிவைத்தார். விளைவின் மதிப்பு 23 டாலர் 44 சென்ட். செலவு போக மிஞ்சியது 8 டாலர் 71½ சென்ட். ஆதாயம் சிறிதே, கற்ற பாடமோ பெரிது. உண்பதற்கு வேண்டியதை மட்டும் விளைத்தால் சிறு நிலமே போதும் எனக் கண்டார். அடுத்த ஆண்டு ஏர் அமர்த்தாமல், ஏக்கரில் மூன்றிலொரு பங்கைத் தாமே கொத்திப் பயிரிட்டார்.

ரொட்டி சுடுவதையும் பலமுறை செய்து பார்த்தே கற்றார். ஒருநாள் தவறுதலாக வெந்நீர் பட்டுப் புளிப்பு மா கெட்டது. அது இல்லாமலும் ரொட்டி செய்யலாம் என்பதை அத்தவற்றினாலேயே அறிந்தார். கைப்பொருள் குறைந்தபோது நில அளவையும் தச்சு வேலையும் செய்து பொருள் ஈட்டினார்.

இவ்வாறு ஈராண்டும் இரு திங்களும் வாழ்ந்து, 1847ஆம் ஆண்டு செப்டம்பரில் தோரோ குடிலை விட்டு நீங்கினார். தமையனாரின் நினைவைத் தாங்கிய நூல் 1849இல் வெளிவந்தது. குடில் வாழ்க்கையை விளக்கும் ‘வால்டன்’ 1854இல் வெளிவந்தது. 1862ஆம் ஆண்டு காசநோயால் அவர் மறைந்தார்.

தனிக்குடி அமைப்போர்க்கு நிலமும் கருவியும் மட்டும் போதா. தேவையைச் சுருக்குதல், கணக்கு எழுதுதல், தவற்றிலிருந்து கற்றல், இரவல் பொருளைப் பேணுதல் ஆகியவையும் வேண்டும். ஏட்டுக் கல்வியில் சிறந்த தோரோ, இவற்றைக் கைகளின் உழைப்பால் கற்றார். கற்றவாறே வாழ்ந்தும் காட்டினார்.