மருத்துவர் மொகிதீன் ஷெரீபு

ஒரு மூலிகை நோயைத் தீர்க்கும் என்று ஊரார் கூறுவது ஒன்று. தீர்த்ததா இல்லையா என்று நோக்கி எழுதிவைப்பது மற்றொன்று. பின்னதைத் தம் கடமையாகக் கொண்டவர் சென்னை மருத்துவர் கான் பகதூர் மொகிதீன் ஷெரீபு ஆவர். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றுத் தேறிய இவர், திருவல்லிக்கேணி மருந்தகத்திற் பணியாற்றினார். அக்காலத்தில் சீமை மருந்துகள் கப்பலேறி வரவேண்டும். ஏழை நோயாளரோ நாட்டு மருந்துக் கடையையே நாடினர். அங்கு ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகளும், ஒரே சரக்குக்குப் பல பெயர்களும் வழங்கின. பெயர் பிழைப்பின் மருத்துவமும் பிழைபடும் அன்றோ? ஆதலின், டாக்டர் வேரிங் 1868-இல் பதிப்பித்த இந்திய மருந்து நூலுக்குத் துணையாக, மூலிகைப் பெயர்களைத் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி முதலிய பல மொழிகளிலும் தொகுத்து 1869-இல் வெளியிட்டார்.

இவர் ஆராய்ந்த மூலிகைகளுள் அழிஞ்சில் ஒன்று. தாம்பரம், வண்டலூர்ப் பக்கத்துப் புதர்க்காடுகளுக்கு உரிய முள்மரம் அது. அதன் வேர்ப்பட்டையை நாட்டு வைத்தியர் தொன்றுதொட்டு வழங்கினர். பிரேசில் நாட்டு இபிகாகுவானா வேரோ, வாந்தி மருந்தாகவும் சீதபேதி மருந்தாகவும் ஐரோப்பிய வைத்தியரிடம் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அழிஞ்சில் அதற்கு ஈடாகுமா? ஷெரீபு நோயாளர்க்குக் கொடுத்து நோக்கினார். 50 கிரெயின், அதாவது ஏறத்தாழ 3.2 கிராம் அளவில், அது நல்ல வாந்தி மருந்து எனவும், குறைந்த அளவிற் காய்ச்சலைத் தணிக்கும் எனவும் கண்டார். ஆயினும், சீதபேதிக்கு மட்டும் அஃது ஈடாகாது என்பதையும் மறையாது எழுதினார். தாம் பரிந்து எடுத்த மூலிகையின் குறையைத் தாமே எழுதுதல் எளிதன்று.

அவரது சென்னை மருந்துப்பொருள் நூல், அவர் மறைந்தபின் டேவிட் ஹூப்பரால் செப்பஞ்செய்யப்பட்டு 1891-இல் வெளிவந்தது. 20-ஆம் நூற்றாண்டில் இரசாயன அறிஞர் அழிஞ்சிலைப் பகுத்தபோது, இபிகாகுவானாவில் உள்ள எமெட்டின் என்னும் பொருள் இதிலும் இருத்தல் கண்டனர். மருத்துவர் கண்டறிந்த ஒப்புமைக்குக் காரணம் இவ்வாறு புலனாயிற்று. எமெட்டின் மிகுமாயின் இதயத்தைத் தாக்கும்; ஆதலின் நம் மாணவ நண்பர் எவரும் அவ்வேரைச் சுவைத்துப் பார்க்க முற்படற்க.

இன்றும் வயிற்றுப்புண் என்றால் ஒருவர் மணத்தக்காளி என்பர். மற்றொருவர் அதிமதுரம் என்பர். அவற்றை இகழ்தலும் அறிவன்று. ஆராயாது விழுங்குதலும் அறிவன்று. வயிற்றுப் புளிப்பே அப்புண்ணுக்குத் தலையாய காரணம் என்று மருத்துவருட் பெரும்பாலோர் நம்பியிருக்க, 1982-இல் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் ஒரு கிருமியைக் கண்டறிந்து அந்நம்பிக்கையை மாற்றினர். எனவே, கற்றோர் கூற்றும் சோதனைக்கு உரியதே. எதனையும் சோதித்தறிதல் பவுலடிகள் தெசலோனிக்கேயர்க்கு அறிவுறுத்திய நெறி. இசுலாம் நெறி நின்ற இவ்வறிஞர், திருவல்லிக்கேணியில் அதனைச் செயலிற் காட்டினார். அவரை நாம் மறவாதிருப்போமாக.